மாரியம்மனை யார் கண்ணால் பார்ப்பது? – மத ஆய்வும் நடுநிலையும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி பழையது. மதத்தை ஓர் ஆய்வாளர் நடுநிலையாக ஆராய முடியுமா? மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் நூறாண்டுக்கு மேலாக இந்தக் கேள்வியின் மேல் நூல்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. நம்பிக்கையாளர்தான் மதத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்பது ஒரு கட்சி. நம்பிக்கையைக் கழற்றி வைத்தவரால்தான் ஆராய முடியும் என்பது மறு கட்சி. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு முகம் உண்டு. அது சாதி. அந்த முகத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது

நம் பிள்ளைகள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறார்கள். எங்கள் வளவில் இருக்கும் கோயிலைப் பற்றி, எங்கள் தப்பட்டையைப் பற்றி ஆராய விரும்புகிறோம் என்கிறார்கள். எதிரே இருப்பவர், “நீங்களே அந்தச் சமூகம், ஆய்வில் நடுநிலை எப்படி வரும்?” என்று கேட்கிறார். தன் கூட்டத்தின் குலதெய்வத்தையும் காணியையும் ஆராய வரும் ஆதிக்க சாதி மாணவரிடம் பெரும்பாலும் இந்தக் கேள்வி வருவதில்லை. அவருக்கு இருப்பது ‘கள அறிமுகம்’. நமக்கு இருப்பது ‘சார்பு’.

ஆகவே நடுநிலை என்ற சொல்லை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது, குப்பையில் எறியவும் முடியாது. எறிந்துவிட்டால் நாளை யார் வேண்டுமானாலும் எதையும் வரலாறு என்று சொல்லலாம். அதில் முதலில் அடிபடுவது நாமாகத்தான் இருப்போம். எனவே இந்தச் சொல்லின் பெயரால் இதுவரை என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். அதற்கு ஒரே ஒரு தெய்வத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். இந்தக் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருப்பவள், பூச்சாட்டு என்றால் நம் எல்லோருக்கும் தெரிந்தவள், மாரியம்மன்.

அளவுகருவியும் ஆயரும்

வெள்ளையர் ஆட்சியில் நம் மதத்தை ஆராய வந்தவர்கள் தங்களைப் பக்கச் சார்பற்றவர்கள் என்றே நம்பினார்கள். 1871இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரையும் ஒரு மதக் கட்டத்துக்குள் எழுதியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் அவர் க. ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலை வெளியிட்டார். எண்ணில் அளந்துவிட்டால் அது அறிவியல், அறிவியல் என்றால் நடுநிலை என்பது அக்கால நம்பிக்கை. வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடினார்கள், தங்களில் சிலரைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்கள் என்று தர்ஸ்டனே எழுதுகிறார். அவருக்கு அது வேடிக்கை. நமக்கு அது தரவு. அளப்பவர் கையில் அதிகாரம் இருக்கும்போது அளக்கப்படுபவர் அந்த ஆய்வை எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சென்னை ஆயராக இருந்த ஹென்றி விட்ஹெட், தென்னிந்திய கிராம தெய்வங்களைப் பற்றி 1916இல் நூல் வெளியிட்டார். அதில் ஒரு கதையைப் பதிவு செய்கிறார். ஒரு பறையர் தன்னைப் பிராமணன் என்று சொல்லி ஒரு பிராமணப் பெண்ணை மணக்கிறான். உண்மை தெரிந்த பின் அவள் தீயில் தன்னை அழித்துக்கொண்டு தெய்வமாகிறாள். அவன் எருமையாகிறான். அவள் முன் ஆண்டுதோறும் வெட்டப்படும் எருமை அவன்தான். இந்தக் கதை பல வடிவங்களில் தமிழ்நாடு முழுக்கவும் ஆந்திரத்திலும் உலவியது.

விட்ஹெட் கேட்டதை எழுதினார். பொய் சொல்லவில்லை. அந்த வகையில் அவர் பதிவு நமக்குப் பயன்படுகிறது. அவர் அதை எடை போட்ட தராசு மட்டும் கிறித்தவ மிஷனின் தராசு. இரத்தபலி என்ன வகைச் சமயம், அது எவ்வளவு தாழ்ந்தது என்பதில் அவர் கவனம் போயிற்று. இந்தக் கதையை யார் சொல்லிவைத்தார்கள், வெட்டப்படுவது ஏன் பறையனாகவே இருக்க வேண்டும், சாதி மீறிய திருமணத்துக்குத் தண்டனையை ஆண்டுக்கொரு முறை ஊர் கூடி நடித்துக் காட்டுவது எதற்காக என்பவை அவருக்குக் கேள்விகளாக எழவில்லை. தகவலில் நேர்மை இருந்தது. கேள்வியில் ஓட்டை இருந்தது.

ஓலப்பாளையம்

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருவோம். காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் வழியில் ஓலப்பாளையம் இருக்கிறது. இன்று திருப்பூர் மாவட்டம். 1960களில் கோவை மாவட்டம். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1964 முதல் 1966 வரை அங்கே தங்கிக் கள ஆய்வு செய்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1972இல் அது கொங்கு உழவர் சமூகம் பற்றிய நூலாக வந்தது. வலங்கை, இடங்கை என்ற பிரிவு இந்த மண்ணின் சாதிகளை எப்படி அடுக்கியது என்பது அதன் மையம். நாடு, கிராமம், ஊர், வீடு என்று ஒவ்வொரு மட்டமாக இறங்கி, எந்த மட்டத்தில் எந்தக் கோயில், எந்தச் சாதிக்கு என்ன பங்கு என்று வரைந்தார். அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகப் பாடியவர்களிடமிருந்து ஒலிநாடாவில் பதிந்தவரும் அவரே.

இந்த உழைப்பை நாம் மதிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் மாதாரிகள் என்ன தொழில் செய்தார்கள், யாரிடமிருந்து உணவு வாங்கலாம் வாங்கக் கூடாது என்று என்ன விதி இருந்தது, கோயிலில் எங்கே நின்றார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று தேடும் அருந்ததியர் மாணவர் எவரும் இந்த நூலைத் தவிர்க்க முடியாது. கடல் தாண்டி வந்தவர் எழுதியது என்பதால் அது செல்லாது என்று நாம் சொல்ல மாட்டோம்.

பெக் 1981இல், அருகிலுள்ள கன்னபுரம் மாரியம்மன் திருவிழாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். கொங்கில் மாரியம்மன் நோன்பி எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பூச்சாட்டி, மூன்று கிளையுள்ள மரத்தைக் கம்பமாக வெட்டிக் கொண்டுவந்து கோயில் முன் நடுவார்கள். பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பம்தான் அம்மனின் புருஷன் என்பார்கள். பொங்கல் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விட்டுவிடுவார்கள். அதோடு அம்மன் தாலியறுத்தவள். பெக் இந்தக் கம்பத்தைக் கணவனாகவும் அழிக்கப்படும் அசுரனாகவும் வாசித்து, தேவியும் அசுரனும் என்ற பெருந்தொன்மத்தோடு இணைத்துப் பார்த்தார்.

அறிவார்ந்த வாசிப்புதான். ஆனால் உள்ளூர்ச் சடங்கைச் சமஸ்கிருதப் புராணத்தோடு கோத்துவிடும்போது ஒன்று நடக்கிறது. அசுரன் என்ற சொல் வந்து உட்கார்ந்தவுடன் பறையன் என்ற சொல் பின்னுக்குப் போய்விடுகிறது. விட்ஹெட் பதிந்த கதையில் கொல்லப்படுபவனுக்குச் சாதி இருந்தது. குறியீட்டு ஆய்வில் அவன் ‘தீமை’ ஆகிறான், ‘வெப்பம்’ ஆகிறான், ‘ஒழுங்கின்மை’ ஆகிறான். கட்டமைப்பை வரைபவர் ஒழுங்கு எது என்று கேட்கிறார். அந்த ஒழுங்குக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்பது வேறு ஆய்வு. சாதிகளைச் சதுரம் சதுரமாக வரைந்த படத்தில் தப்பட்டை அடிப்பவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்க அவர் விரும்பினாரா என்பதை எந்தச் சதுரமும் சொல்லாது.

ஒரே மாவட்டம், இரண்டு முடிவுகள்

நடுநிலையான இரண்டு ஆய்வாளர்கள் ஒரே இடத்தைப் பார்த்தால் ஒரே முடிவு வர வேண்டும். வந்ததா?

பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1966இல் சாதியை ஒரு மதக் கருத்தியலாக விளக்கினார். தூய்மை – தீட்டு என்ற எதிர்வுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது; அதிகாரமும் நிலமும் அதற்குக் கீழ்ப்பட்டவை என்றார். அமெரிக்கரான மைக்கேல் மொஃபட், செங்கல்பட்டுப் பகுதியில் எண்டவூர்ச் சேரியில் ஆய்வு செய்து 1979இல் நூல் வெளியிட்டார். ஊர் எதையெல்லாம் சேரிக்கு மறுக்கிறதோ அதையெல்லாம் சேரி தனக்குள் திரும்பப் படைத்துக்கொள்கிறது. தங்களுக்குள் மேல் கீழ் வைத்துக்கொள்கிறார்கள். ஊரைப் போலவே தெய்வங்களை வழிபடுகிறார்கள். ஆகவே அவர்கள் சாதிய அமைப்போடு உள்ளார்ந்த கருத்தொற்றுமையில் வாழ்கிறார்கள் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டிய முதன்மைச் சான்று மதம்.

அதே செங்கல்பட்டில் களப்பணி செய்தவர் ஜோன் மென்ச்சர். 1974இல் அவர் எழுதிய கட்டுரை சாதியைத் தலைகீழாகப் பார்ப்போம் என்றது. கீழேயிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடு. கீழே இருப்பவர்கள் தங்கள் நிலைக்குக் கர்ம வினையைக் காரணமாகச் சொல்வதில்லை. யார் நிலம் வைத்திருக்கிறார், யார் கூலி கொடுக்கிறார் என்று பேசுகிறார்கள் என்றார். பின்னர் திருச்சிப் பகுதியில் பள்ளர் பெண்களிடையே ஆய்வு செய்த கரின் கபாடியா 1995இல் வெளியிட்ட நூலும் கருத்தொற்றுமைக் கோட்பாட்டை ஏற்கவில்லை. அந்தப் பெண்களின் பேச்சில் மேல்சாதி மதிப்பீடுகளின் மறுப்பு தெளிவாக இருப்பதைக் காட்டினார்.

இரு தரப்பும் படித்தவர்கள்தான். இரு தரப்பும் தமிழ்நாட்டில் தங்கிக் குறிப்பெடுத்தவர்கள்தான். யாரும் நம் சாதியும் அல்ல, நம் எதிரிச் சாதியும் அல்ல. அப்படியும் முடிவுகள் எதிரெதிர். அந்நியர் என்பதால் தானாக நடுநிலை வந்துவிடாது என்பதற்கு இதுவே போதும். ஆனால் இதிலிருந்து எல்லாமே அவரவர் பார்வை, உண்மை என்று ஒன்று இல்லை என்ற முடிவுக்கும் போகத் தேவையில்லை. எது வலுவான ஆய்வு என்று சொல்ல வழி இருக்கிறது. சேரி மக்கள் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதை இருவரும் பார்க்கலாம். வைப்பதால் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால், வைக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் விசாரித்திருக்க வேண்டும். தப்பட்டை அடிக்க மாட்டேன் என்றவரின் வீட்டுக்கு மறுநாள் என்ன ஆயிற்று? பண்ணயத்தில் வேலை இருந்ததா? கடையில் சாமான் கொடுத்தார்களா? மறுப்பதற்கு உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதலை அளக்க முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்ட ஆய்வு, கேட்காத ஆய்வைவிட அதிக உண்மையைச் சொல்கிறது.

உள்நாட்டு அறிஞர்களின் நிலை என்ன? எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகர் பற்றிய நூலில் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்ற கருத்தைக் கொடுத்தார். கீழ்ச்சாதிகள் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி மேலேற முயல்கிறார்கள் என்பது அதன் சாரம். நாம் படித்த சமூகவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் அது விதி போல நிற்கிறது. 1976இல் அவர் எழுதிய ராம்புரா கிராம நினைவு நூலில், தான் அந்த ஊரை மேல்சாதியார் வழியாகவே பெரிதும் பார்த்தேன் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்கு நன்றி. ஆனால் பாடப்புத்தகத்தில் கருத்து வந்தது, ஒப்புதல் வரவில்லை. மேல்சாதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் மற்றவர்கள் எல்லோரும் அந்தத் திண்ணையை நோக்கி ஏறி வருவதாகத்தான் தெரியும்.

பண்டிதரின் மாற்று வாசிப்பு

மானுடவியல் துறை நம் நாட்டில் கால் ஊன்றும் அதே ஆண்டுகளில், அந்தத் துறையின் எந்தப் பட்டமும் இல்லாத ஒருவர் இதே மாரியம்மனை எடுத்து ஆராய்ந்தார். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்து, 1914 மே மாதம் மறையும் வரை நடத்தினார். பண்டிகைகள், பழமொழிகள், சொற்கள், ஊர்வழக்குகள் ஆகியவற்றைத் தோண்டி, அவற்றுக்கு அடியில் பௌத்த வரலாறு புதைந்திருக்கிறது என்று எழுதினார். தீபாவளி எள் நெய்யைக் கண்டறிந்த நாள் என்றார். அம்மன் வழிபாட்டை அம்பிகை என்ற பிக்குணியின் நினைவாகக் கண்டார். வைசூரி கண்ட மக்களுக்கு வேப்பிலை கொண்டு மருத்துவம் செய்த தவப்பெண்ணைத்தான் பின்னால் வந்தவர்கள் பலி கேட்கும் தெய்வமாக மாற்றினார்கள் என்பது அவர் வாசிப்பு.

விட்ஹெட்டின் நூலும் பண்டிதரின் எழுத்தும் ஏறக்குறைய ஒரே காலம், ஒரே சென்னை. ஒருவருக்கு மாரியம்மன் இரத்தம் கேட்கும் கிராம தேவதை. இன்னொருவருக்கு நோயாளியின் கட்டிலருகே நின்ற மருத்துவப் பெண். விட்ஹெட் கேட்ட கதையில் பறையன் வஞ்சகன். பண்டிதர் எழுதிய வரலாற்றில் அவன் அறநெறி காத்த பூர்வ பௌத்தன். வேஷம் போட்டவர்கள் வேறு ஆட்கள். பிராமணன் என்று வேஷம் போட்டு ஏமாற்றிய பறையன் என்ற கதைக்கு, வேஷப் பிராமணர் என்ற கருத்து நேர் எதிராக வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

பல்கலைக்கழகம் பண்டிதரை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வந்த பிறகுதான் பரவலான வாசிப்பு தொடங்கியது. ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் போன்றவர்கள் வெவ்வேறு கோணங்களில் அவரை எடுத்துப் பேசினார்கள். “இதெல்லாம் சொல் விளையாட்டு, வரலாறு அல்ல” என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த விமர்சனத்தை நாம் உணர்ச்சிவசப்படாமல் எதிர்கொள்ள வேண்டும். பண்டிதரின் சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாம் மொழியியல் சோதனையில் நிற்கும் என்று நாம் வாதாட வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆள் சொன்னார் என்பது சான்று ஆகாது. அவர் செய்தது வேறொரு பெரிய காரியம். அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். தாழ்ந்தவர்கள் என்று நிலைநாட்டப்பட்டவர்கள் எப்போது, யாரால், எந்த மதப் பூசலில் தாழ்த்தப்பட்டார்கள்? சாதிநிலை பிறவியில் வந்தது அல்ல, வரலாற்றில் நடந்தது என்பதை மத ஆய்வின் முதல் கேள்வியாக வைத்தவர் அவர். அவர் சொன்ன விடைகளில் சில விழலாம். அந்தக் கேள்வி விழாது.

அண்ணல் அம்பேத்கர் இந்த முறையை இன்னும் கறாராக்கினார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியைப் பற்றி வாசித்த கட்டுரையிலேயே, தன் முடிவு தவறென்று காட்டினால் மாற்றிக்கொள்ளத் தயார் என்ற நிலையை எடுத்தார். 1948இல் வந்த தீண்டப்படாதார் பற்றிய நூலின் முன்னுரையில், ஒருவரின் வர்க்க நலன் அவர் அறிவு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு உள்ளிருந்தே வேலி போடுகிறது என்ற கருத்தை வைத்தார். பிராமண அறிஞர்களிடையே ஒரு வால்டேர் ஏன் தோன்றவில்லை என்று அவர் கேட்டது இந்த இடத்தில்தான். அதே முன்னுரையில், சான்றுச் சங்கிலியில் கண்ணி விட்டுப்போன இடத்தில் தான் எதை ஊகிக்கிறேன், ஏன் ஊகிக்கிறேன் என்றும் திறந்து சொல்கிறார்.

அவர் மறைந்த பின் 1957இல் வெளியான புத்தரும் அவர் தம்மமும் நூலைப் பாருங்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அல்ல, பல ஆண்டுகளாகவே பௌத்தத்தை நோக்கி நடந்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெற்றவர் அவர். நம்பிக்கையாளர். ஆனால் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் முதன்முறையாகக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவர் இவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பார்? சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக நடந்த தகராறில் போரை எதிர்த்ததால் அவர் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார். தான் ஏற்ற மதத்தின் புனிதக் கதையையே சோதனைக்கு உட்படுத்திய மனிதர் நம் ஆசான். நம்பினால் ஆராய முடியாது என்பவர்களுக்கு இதுவே பதில்.

பண்டிதரிடமும் நாம் கேட்க வேண்டியது

இந்த மேடையில் இதைச் சொல்லாமல் போனால் இன்று பேசியதெல்லாம் வீண். பண்டிதர் தாழ்ந்த சாதிகள் வேறு, தாழ்த்தப்பட்ட சாதிகள் வேறு என்று பிரித்தார். பூர்வ பௌத்தர்கள் தாழ்த்தப்பட்டவர்கள். சக்கிலியர், குறவர் முதலானோரை இயல்பிலேயே தாழ்ந்தவர் வரிசையில் வைத்தார். ம. மதிவண்ணன் போன்ற அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை மட்டுமல்ல, நம் எல்லோருடைய கடமை.

திருப்பூரில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. கொங்குச் சேரிகளில் பெரும்பான்மை அருந்ததியர்கள். தோட்டத்துப் பண்ணயத்திலிருந்து வெளியேறி, பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் நகராட்சித் துப்புரவிலும் வேலைக்கு வந்தவர்கள். 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதிப்படுத்தும் வரை வழக்கில் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பண்டிதரின் பெயரைச் சொல்லும்போது, அவர் எழுத்தின் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பேசினால், நாமும் திண்ணையில் உட்கார்ந்து எழுதியவர்களின் வேலையைத்தான் செய்கிறோம். கீழேயிருந்து பார்த்தவர் என்பதால் ஒருவருக்கு எல்லாத் திசையும் தெரிந்துவிடாது. அவருக்கும் கீழே ஒருவரை வைத்த இடத்தில் அவர் கண்ணும் மறைக்கப்பட்டது. பண்டிதரை நினைவுகூர்வது என்றால் அவர் கற்றுக்கொடுத்த கேள்வியை அவர் எழுத்தின் மேலும் வைப்பது.

ஆய்வின் விலை

நடுநிலை பற்றிய விவாதம் செமினார் அறையோடு முடிவதில்லை. ஈரோட்டைத் தாண்டினால் திருச்செங்கோடு. அந்த மலைக்கோயில் திருவிழாவைப் பின்புலமாகக் கொண்டு பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவலை 2014 டிசம்பரில் எரித்தார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் தான் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத பெண் திருவிழா இரவில் யாரோடு சேர்ந்தாள் என்ற இடத்தில்தான் கோபம் வெடித்தது. அந்த யாரோ எந்தச் சாதி என்ற அச்சம் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது என்பது நம் வாசிப்பு.

நாவல் எரிக்கப்பட்டு ஆறு மாதம் முடியும்போது, 2015 ஜூன் 23 அன்று, அதே மலைக்கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் மாணவர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022இல் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்து உடுமலையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா உயிர் பிழைத்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சாதி மீறி மணந்தவன் கொல்லப்பட்டு அவள் விதவையாகும் கதையை நாம் ஆண்டுதோறும் கோயில் முன்னால் கம்பமாக நட்டுப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். சடங்குதான் கொலை செய்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் இந்தக் கதையைக் ‘குறியீடு’ என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோகும் ஆய்வை நடுநிலை என்று ஒப்புக்கொள்ளவும் நம்மால் முடியாது.

அரசின் மதக் கட்டமும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறினால் தீண்டாமை தொடர்கிறதா என்ற ஆய்வுக் கேள்விக்கான விடையில் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் தொங்குகிறது. அங்கே அரைகுறை ஆய்வு செய்வது பாவம். வேண்டிய விடையை முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு ஆய்வு செய்வதும் பாவம்.

செக்கிங் மேசை

நம் ஊர் வேலையிலிருந்தே ஒன்று சொல்வோம். பனியன் கம்பெனியில் செக்கிங் செய்யும் பெண் துணியை முன்பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்க்கிறார். அவர் கம்பெனிச் சம்பளம் வாங்குபவர்தான். அதனால் பையர் தன் ஆளையும் அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்கிறார். எந்தச் சார்பும் இல்லாத செக்கர் ஒருவரைத் தேடி யாரும் அலைவதில்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கும் ஏற்பாட்டைத்தான் நம்புகிறார்கள். மத ஆய்வில் புறவய உண்மை என்று நாம் கேட்பதும் இதையே. சார்பற்ற மனிதர் என்று யாரும் இல்லை. சோதிக்கத் திறந்து வைத்த ஆய்வு உண்டு, திறக்காமல் பூட்டிய ஆய்வு உண்டு.

ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு நடைமுறையாக நான்கு சொல்கிறோம். ஒன்று, எங்கே நின்று பார்த்தோம், யார் வீட்டில் தங்கினோம், யார் நம்மோடு பேச மறுத்தார்கள் என்பதை ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். இரண்டு, ஒரு சடங்கைச் செய்பவரிடம் மட்டுமல்ல, அதை நிறுத்தியவரிடமும் நிறுத்த முயன்று முடியாமல் போனவரிடமும் கேளுங்கள். மூன்று, பார்த்ததையும் கேட்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே வையுங்கள். நமக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான தகவல் கிடைத்தால் அதை முதலில் எழுதுங்கள். நான்கு, ஒரு முறை போய்விட்டு முடிக்காதீர்கள். பொருளியலாளர் ஜூடித் ஹேயர் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்த கோவை வட்டாரக் கிராமங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பத் திரும்ப வந்து, தலித் கூலிகளின் வாழ்க்கை எதில் மாறியது எதில் மாறவில்லை என்று பார்த்தார். திரும்பி வந்து பார்ப்பவருக்குத்தான் தன் பழைய முடிவு தப்பா சரியா என்று தெரியும்.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கம்பத்துக்கு மரம் வெட்டுபவர் யார், தப்பட்டையை நிறுத்திய ஊர்கள் எவை, கம்பெனிக் கூலி வந்த பிறகு வளவில் தனிக் கோயில் கட்டிய குடும்பங்கள் அங்கே எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கின்றன, சபைக்குப் போன பெண்கள் மாரியம்மனை என்ன செய்தார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தலித் தொழிலாளர்கள் எந்தச் சாமியைக் கூட்டிவந்தார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேடு. இந்த மண்ணின் மாரியம்மனை ஆயர் பார்த்துவிட்டார், ஆக்ஸ்போர்டு பார்த்துவிட்டது, பண்டிதர் பார்த்துவிட்டார். தண்ணீர்க் குடம் சுமந்த அருந்ததியர் பெண் அவளை எப்படிப் பார்த்தார் என்பது இன்னும் சரியாக எழுதப்படவில்லை. அதை எழுதுங்கள். எழுதியதை முதலில் அந்தப் பெண்ணிடமே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். திருத்த மறுத்தால் ஏன் மறுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

“உங்கள் ஆய்வில் நடுநிலை இருக்கிறதா?” என்று இனி யாராவது கேட்டால், “இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்” என்று சொல்லும் அளவுக்கு உள்பக்கத் தையலையும் கவனித்து வேலை செய்வோம்.

ஜெய்பீம்.